மானியம் பிச்சை அல்ல! மனு எழுதப் புரோக்கருக்கு இனி ஒரு பைசா கிடையாது!



நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில் காலை ஏழு மணிக்கே ஒருத்தர் வந்து உட்கார்ந்து கொள்கிறார். கையில் ரெக்சின் பை, பைக்குள் நம்மளோட சிட்டா, அடங்கல், ஆதார் ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் இருக்கு. "பவர் டில்லர் வேணுமா? எடுத்துத் தர்றேன். சொட்டு நீர் வேணுமா? போட்டுத் தர்றேன். ஆபீஸில் நம்ம ஆளு இருக்கார்" என்கிறார். அவர் அரசு ஊழியரும் கிடையாது, விவசாயியும் கிடையாது. ஏர் பிடிச்ச கையும் இல்லை, மண்வெட்டி பிடிச்ச கையும் இல்லை. ஆனால் நம்ம தாலுகாவில் எந்த விவசாயிக்கு மானியம் வரணும், எவனுக்கு வரக்கூடாது என்று தீர்மானிக்கிறவர் அவர்தான்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும் என்பார்கள். இங்கே பூசாரிக்கும் ஒரு புரோக்கர் இருக்கிறார்.

இந்தக் கொடுமையைக் கேட்கத்தான் இந்தத் துண்டறிக்கை. படித்துவிட்டு மடித்து வீசிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மானியம் யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல. சோப்புக்கும் சிமெண்டுக்கும் அதைச் செய்கிறவன் விலை வைக்கிறான். நெல்லுக்கும் மணிலாவுக்கும் மட்டும் வாங்குகிறவன் விலை வைக்கிறான். அந்த அநியாயத்தில் நாம் இழப்பதில் ஒரு துளியைத்தான் மானியம் என்ற பேரில் திருப்பித் தருகிறார்கள். அதுவும் சும்மா வந்ததா? மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1972 ஜூலை 5-ல் இன்னும் பலர் உயிரைக் கொடுத்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையையே மறித்த தலைமுறை அது. அந்தப் போராட்டங்கள் நடந்ததால்தான் 1990-ல் எல்லா விவசாயிக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. ரத்தம் சிந்தி வாங்கிய உரிமையை இன்றைக்கு ரெக்சின் பைக்காரரிடம் கமிஷன் கொடுத்து வாங்குகிறோம் என்றால், அந்த மூத்தவர்கள் முகத்தில் நாம் எப்படி முழிக்கிறது?

சரி, காகிதத்தில் என்னதான் இருக்கிறது? சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்கிறார்கள். ஒரு ஹெக்டேர் வரை, அதாவது இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி. அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. நம்ம மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வகைதான். வேளாண் இயந்திரங்களுக்கு 2014-15 முதல் வந்த திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று விதி போட்டார்கள். 2019-ல் கொண்டுவந்த சூரிய சக்தி பம்புசெட் திட்டத்தில் மத்திய அரசு 30, மாநில அரசு 30 என்று ஏற்பாடு. 2020-ல் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கு என்று ஒரு பெரிய திட்டம் அறிவித்தார்கள். சமவெளியில் 300 விவசாயிகள் சேர்ந்தால் மூன்று ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு, நாம் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை என்று அதில் சொன்னார்கள்.

அதே 2020-ல் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்றும் அறிவித்தார்கள். உடனே புரோக்கர்கள் "கோடிக்கணக்கில் மானியம் வந்திருக்கு" என்று கிளம்பிவிட்டார்கள். அது மானியம் இல்லை ஐயா! அது கடன். இரண்டு கோடி வரையிலான கடனுக்கு ஏழு ஆண்டு வரை 3 சதவீத வட்டிச் சலுகை. அவ்வளவுதான். கடனையும் மானியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நிலத்தை அடமானம் வைத்துவிட்டு முழிக்கிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஏட்டுச் சுரைக்காய் இப்படி. கறிக்கு வருகிறதா என்று பார்ப்போம்.

பட்டா தாத்தா பேரில் இருக்கும். தாத்தா செத்து முப்பது வருஷம். அப்பா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை என்று கூட்டுப் பட்டா. உழுவது ஒருத்தர், பேர் பதினோரு பேருடையது. "எல்லாரும் கையெழுத்துப் போடணும்" என்கிறார்கள். ஒருத்தர் திருப்பூரில், ஒருத்தர் பெங்களூரில், ஒருத்தரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. பட்டாவில் "மு. கோவிந்தன்", ஆதாரில் "கோவிந்தன் முனுசாமி". கம்ப்யூட்டர் இரண்டும் ஒரே ஆள் இல்லை என்கிறது. அந்த ஆள் எதிரிலேயே நிற்கிறார், கம்ப்யூட்டர் நம்பமாட்டேன் என்கிறது!

பெண்களுக்கு 50 சதவீதம் என்று போர்டு வைத்தாகிவிட்டது. பட்டா யார் பேரில்? புருஷன் பேரில். நாற்று நடுவதும் களை எடுப்பதும் மாடு கறப்பதும் பெண்கள், விவசாயி என்ற சான்றிதழ் ஆம்பளைக்கு. குத்தகைக்கு உழுகிறவர் நிலைமை இன்னும் மோசம். வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் நிலம் வைத்திருப்பவருக்குத்தான் பணம், உழுகிறவருக்கு இல்லை. 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று முகாம் போட்டார்களே, அதிலும் நில உடைமையை ஆதாரோடு இணைப்பதுதான் அடிப்படை. கோயில் நிலத்தை மூன்று தலைமுறையாக உழுகிறவர் அந்த முகாமில் போய் என்ன காட்டுவார்? குத்தகைதாரர் பதிவுக்கு என்று 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பதிவு செய்து கொடுக்க நிலக்காரருக்கு மனசு வரணும், அதிகாரிக்கு நேரம் வரணும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பணம்? "முழுப் பணத்தையும் முதலில் கட்டுங்க, மானியம் பிறகு கணக்கில் வரும்" என்பது பல திட்டங்களில் நடைமுறை. முழுப் பணமும் கையில் இருந்தால் நாங்கள் ஏன் ஐயா மானியத்துக்கு வரிசையில் நிற்கிறோம்? கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டி, மானியம் வர எட்டு மாதம் ஆனால், வந்த மானியம் வட்டிக்குச் சரியாகப் போச்சு. இதில் கடைக்காரர் வேறு. அதே களையெடுக்கும் கருவிக்கு ரொக்கத்துக்கு ஒரு விலை, மானியத்தில் என்றால் வேறு விலை. வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் மானியத்தில் பாதி நமக்கா அவருக்கா என்றே தெரியாது.

இப்படி ஏழையை ஆயிரம் கேள்வி கேட்கிற கம்ப்யூட்டர், 2020-ல் என்ன செய்தது? பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியில்லாத பேர்களை நுழைத்து, சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு தனியார் கம்ப்யூட்டர் சென்டர்காரர்களும் புரோக்கர்களும் பதிவு செய்தார்கள். பலர் கைதானார்கள். ஒரு சென்ட் நிலம் இல்லாதவன் விவசாயி ஆனான். இனிஷியல் மாறிய உண்மையான விவசாயி வெளியே நின்றான். திருடனுக்குக் கதவு திறந்தே இருக்கு, வீட்டுக்காரனுக்குத்தான் பூட்டு!

எதிரில் இருப்பவனை மட்டும் திட்டி முடித்துவிட்டால் போதாது. நம்ம பக்கத்துக் குற்றத்தையும் சொல்லணும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார்? ஓ.டி.பி. நம்பரைப் போனில் வாசித்துச் சொன்னது யார்? "பைப் வேண்டாம், பில் மட்டும் போதும், ஆளுக்குப் பாதி" என்று ஒத்துக்கொண்டவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். இரண்டரை ஏக்கருக்குச் சொட்டு நீர் பதித்ததாகக் கணக்கு, தோட்டத்தில் அரை ஏக்கருக்குக் குழாய். மீதிக் குழாய் யார் தோட்டத்தில்? கேட்டால் சிரிக்கிறார்கள். இது சிரிக்கிற விஷயமில்லை. நம்ம ஆதாரில் ஒரு தடவை சொட்டு நீர் எடுத்ததாகப் பதிவானால், உண்மையிலேயே தேவைப்படும்போது வருஷக் கணக்கில் மறுபடி கேட்க முடியாது.

இனி நம்ம சங்கத்து அனுபவம். கூச்சப்படாமல் சொல்கிறோம்.

எங்கள் கிளையில் 22 குடும்பங்கள் சேர்ந்து ஒரு செக்கு போடலாம் என்று முடிவு செய்தோம். நாற்பது ஏக்கர் மானாவாரி மணிலா. வருஷா வருஷம் காயை மூட்டையோடு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, எண்ணெயைக் கடையில் பாக்கெட்டில் வாங்குகிற வெட்கக்கேடு போதும் என்றுதான். 2020-ல் சிறு உணவு பதப்படுத்தும் தொழிலுக்கு 35 சதவீத மானியத்தோடு கடன் தரும் திட்டம் வந்திருந்தது. திட்ட அறிக்கை வேண்டும் என்றார்கள். நமக்கு அது எழுதத் தெரியாது என்று நாமே முடிவு கட்டி, டவுனில் ஒருத்தரிடம் 15,000 ரூபாய் கொடுத்தோம். நாற்பது பக்கம் இங்கிலீஷில், கலர் அட்டை போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வங்கிக்கு எடுத்துப் போனோம். மேலாளர் பத்து நிமிஷம் புரட்டினார். "உங்க ஊரில் எத்தனை தென்னை மரம் இருக்கு?" என்று கேட்டார். கோயிலுக்குப் பின்னால் மூன்று மரம் இருக்கு என்றோம். அறிக்கை முழுக்கக் கொப்பரைத் தேங்காய்! வேறு எந்த ஊருக்கோ எழுதியதில் ஊர்ப் பேரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். செக்கு வருஷத்துக்கு 300 நாள் ஓடும் என்று வேறு எழுதியிருந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தோம்.

இரண்டாவது தடவை நாங்களே எழுதினோம். இரண்டு பக்கம், தமிழில். "நாங்கள் ஏழை விவசாயிகள், வானம் பார்த்த பூமி, தாங்கள் கருணை கூர்ந்து" என்று ஆரம்பித்து "என்றும் நன்றியுடன்" என்று முடித்தோம். வாசித்தால் கல்லும் கரையும். ஆனால் தேடிப் பார்த்தாலும் அதில் ஒரு எண் கிடையாது. எவ்வளவு காய், எவ்வளவு எண்ணெய், மாதம் எவ்வளவு தவணை கட்டுவோம், ஒன்றுமே இல்லை. அதுவும் திரும்பி வந்தது. இந்தத் தடவை யாரையும் திட்ட முடியவில்லை. தப்பு எங்களுடையது.

மூன்றாவது தடவை, பள்ளிக்கூடத் திண்ணையில் நான்கு ராத்திரி உட்கார்ந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பொண்ணு நோட்டில் எழுத, ஆளாளுக்கு அவரவர் கணக்கைச் சொன்னோம். ஏக்கருக்கு 40 கிலோ மூட்டையில் சராசரி 15 மூட்டை, அதாவது 600 கிலோ. நாற்பது ஏக்கருக்கு 24 டன். இங்கேதான் முதல் சண்டை. "நான் போன வருஷம் இருபது மூட்டை எடுத்தேன்" என்றார் ஒருவர். "அதுக்கு முன் வருஷம் எத்தனை?" என்று அவர் வீட்டம்மா கேட்டார். அவர் வாயை மூடிக்கொண்டார். பதினைந்தே நின்றது. அதில் விதைக்கு 4 டன் எடுத்து வைக்கணும். வாங்கின கடனுக்குக் களத்திலேயே போவது 8 டன். இதை எழுதலாமா கூடாதா என்று ஒரு ராத்திரி முழுக்க வாதம். மானம் போகும் என்றார்கள் சிலர். எழுதுவோம், பொய் சொன்னால் செக்கு ஓடும்போது தெரிந்துவிடும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம். மீதி 12 டன் காய். நூறு கிலோ காய் உடைத்தால் எழுபது கிலோ பருப்பு. அப்படியானால் 8,400 கிலோ பருப்பு. நூறு கிலோ பருப்புக்கு நாற்பது கிலோ எண்ணெய் என்று வைத்தால் 3,360 கிலோ எண்ணெய். பிண்ணாக்கு நம்ம மாட்டுக்கே போதாது, அதற்கு வெளியே விலை தேட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 120 கிலோ பருப்பு ஆட்டினால் செக்குக்கு 70 நாள்தான் வேலை!

அந்த 70 என்ற எண்ணைப் பார்த்ததும் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. மீதி நாள் செக்கு சும்மா நின்றால் தவணை எப்படிக் கட்டுவது? அப்போதுதான் சுற்றி உள்ள ஆறு ஊரில் எள்ளும் மணிலாவும் ஆட்ட எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டோம். கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்து, அந்தக் கூலியை மட்டும் வைத்துத் தவணைக் கணக்குப் போட்டோம். மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கினோம். ஒரே செக்குக்கு மூன்று விலை. மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், போகும் என்பதையும் எழுதினோம். மழை பொய்த்தால் என்ன செய்வோம் என்றும் நான்கு வரி எழுதினோம். மொத்தம் ஒன்பது பக்கம். பைண்டிங் கிடையாது, நூல் போட்டுத் தைத்தோம்.

மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "எழுபது நாள் போக மீதி?" ஆறாம் பக்கத்தைக் காட்டினோம். கடன் அனுமதி ஆனது. இன்றைக்குச் செக்கு ஓடுகிறது. ஓஹோ என்றெல்லாம் இல்லை, தவணை கட்டுகிற அளவுக்கு ஓடுகிறது. அந்த மானியம் கையில் வராது, கடன் கணக்குக்குப் பக்கத்தில் தனியாக வைத்து, மூன்று வருஷம் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகுதான் கடனில் கழிப்பார்கள் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. 15,000 வாங்கினவர் இதைச் சொல்லவே இல்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். பார்க்காமலே விட்டதால் நமக்கு என்ன மிஞ்சியது? வீட்டுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். விதை, உரம், கூலி, விளைச்சல், விற்ற விலை. எந்த மனுவுக்கும் அதுதான் ஆதாரம்.

இன்னும் சில விஷயம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஒதுக்கீடு வந்த பிறகு பேப்பருக்கு அலைந்தால் முன்னுரிமைப் பட்டியலில் பேர் கடைசிக்குப் போய்விடும். பங்குனி, சித்திரையிலேயே சிட்டா, புல வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்து வையுங்கள். ஆதாரிலும் பட்டாவிலும் பேர் ஒத்திருக்கா என்று இன்றைக்கே பாருங்கள். அனுமதி உத்தரவு கைக்கு வராமல் இயந்திரத்தை வாங்கிவிடாதீர்கள், "முன்பே வாங்கிவிட்டாய்" என்று மானியத்தை மறுத்துவிடுவார்கள். எந்தத் திட்டம் என்றாலும் அதன் வழிகாட்டு நெறிமுறையைக் கேட்டு வாங்குங்கள். தகுதி யாருக்கு, உச்சவரம்பு எவ்வளவு என்று அதில் இருக்கும். அவர்கள் கேட்கிற கேள்விக்குத்தான் மனுவில் பதில் எழுதணும், நம்ம மனசில் இருப்பதையெல்லாம் அல்ல. மனு கொடுத்தால் தேதி போட்ட ஒப்புகை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். வாயால் சொன்ன பதிலைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொடுக்க மறுத்தால்? பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் கேளுங்கள். 30 நாளில் பதில் தரணும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. 2005-ம் வருஷத்துச் சட்டம் அது. அதன் 4-வது பிரிவைப் பாருங்கள். மானியத் திட்டங்களை எப்படி நிறைவேற்றினார்கள், எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை நாம் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம்ம வட்டாரத்தில் எந்த அலுவலகச் சுவரிலாவது அந்தப் பட்டியலை யாராவது பார்த்ததுண்டா? நாங்கள் பார்க்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது: ஊராட்சிவாரியாக மானியப் பயனாளிகள் பட்டியலையும் முன்னுரிமைப் பட்டியலையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு! கிராம சபையில் வாசி! மனுவை நிராகரித்தால் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடு! கூட்டுப் பட்டாதாரர்களில் உண்மையில் உழுகிறவருக்கு, வி.ஏ.ஓ. நேரில் பார்த்துக் கொடுக்கும் சான்றை ஏற்றுக்கொள்! குத்தகைதாரரையும் கோயில் நிலச் சாகுபடியாளரையும் விவசாயி என்று பதிவு செய்! சிறு, குறு விவசாயியிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்காதே, அவர் பங்கை மட்டும் வாங்கு! மானியத்தில் விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் வெளிச்சந்தை விலையையும் பக்கத்தில் எழுதி வை!

வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் எதிரில் ஆர்ப்பாட்டம். திரும்பி வந்த மனு, பதில் வராத மனு, ஒப்புகை இல்லாத மனு, எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாங்க. பெண்கள் அவசியம் வரணும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாங்க, சாயங்காலம் வரை உட்காருவோம். மனு எழுத நோட்டும் பேனாவுமாகச் சங்கத்துப் பிள்ளைகள் பந்தலில் இருப்பார்கள். காசு கிடையாது. அந்தச் செக்குக்கு எழுதிய ஒன்பது பக்கமும் அங்கே இருக்கும். பார்த்து எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஊர்ப் பேரை மட்டும் மாற்றாதீர்கள்.